வானத்தைச் சரிபார்க்கும் கண்கள்

சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் கலத்தை விரல் கணுவால் ஒருமுறை தட்டிப் பார்ப்பது விருத்தாசலத்தில் எவரும் கற்றுக்கொடுக்காமலே கைவரும் பழக்கம். கணீரென்று ஒலித்தால் அது தேறிய கலம். மந்தமாக ஒலித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். மின்கம்பத்துக்கான இன்சுலேட்டரானாலும், கார்த்திகைக்கான அகல் விளக்கானாலும் தரம் பிரிப்பவர் கண்ணை மட்டும் நம்புவதில்லை. கண் சொல்வதைக் காதிடமும் கையிடமும் கேட்டு உறுதிசெய்து கொள்கிறார்.

இதே முறையில், பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் திரள்களைச் சரிபார்க்கும் பணி உலகெங்கும் நடைபெறுகிறது. அதில் ஈடுபடுவோரில் பெரும்பாலோர் வானியலாளர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வூதியர்கள் எனப் பலதரப்பட்டோர். ஊதியம் எதுவும் இல்லை. நம் நாட்டிலும் 2013 முதல் இத்தகைய பணி நடந்து வருகிறது. ஆயினும், நம் சிற்றூர்க் கல்லூரிகளில் இதனை அறிந்தோர் மிகச் சிலரே. பொதுப் பணத்தில் உருவான ஒரு பெருஞ்செல்வம் பூட்டின்றித் திறந்து கிடக்க, நம் பிள்ளைகள் அதன் வாசலைக் கூட அறியாதிருப்பது கவலைக்குரியது.

சூரியன் உள்ளிட்ட பல்லாயிரம் கோடி விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கூடியிருக்கும் அமைப்பே பால்வெளி. அத்தகைய அமைப்புகள் விண்வெளியில் கணக்கற்று உள்ளன. அவற்றையே விண்மீன் திரள்கள் என்கிறோம். சில சுருள் வடிவின. சில நீள்வட்ட வடிவின. சில ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தவை. ஒரு திரளின் வடிவம் அதன் வரலாற்றைச் சொல்லும். ஆகவே, அவற்றை வடிவவாரியாகப் பிரித்து எண்ணுவது வானியலின் அடிப்படைத் தேவை.

முன்பெல்லாம் வானியலாளர் ஒவ்வொரு திரளாகத் தேடிப் படமெடுத்தார். இன்று நடப்பது வான் கணக்கெடுப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடு விடாமல் செல்வதுபோல, தொலைநோக்கி வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கண்ணில் பட்ட அனைத்தையும் பதிவு செய்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்லோன் கணக்கெடுப்பு இதற்கு முன்னோடி. அதன் படங்களை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

படம் குவிந்தது, பார்க்க ஆள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த கெவின் ஷாவின்ஸ்கி, ஒரே வாரத்தில் 50,000 திரள்களைத் தம் கண்ணாலேயே பார்த்து வகைப்படுத்திச் சோர்ந்தார். எஞ்சியவை லட்சக்கணக்கில் இருந்தன. அவரும் கிறிஸ் லின்டாட்டும் தோழர்களும் 2007 ஜூலையில் ‘கேலக்ஸி ஸூ’ என்ற திட்டத்தைத் தொடங்கி, அப்பணியைப் பொதுமக்களிடமே ஒப்படைத்தனர். முதலாண்டிலேயே ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வகைப்படுத்தல்களைச் செய்து முடித்தனர்.

பயிற்சியற்றவர் முடிவை எப்படி நம்புவது என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்கு இரு விடைகள் உண்டு. முதலாவது, ஒரே படம் பலரிடம் காட்டப்படுகிறது. முதற்கட்டத்தில் ஒரு திரளைச் சராசரியாக ஏறத்தாழ 38 பேர் பார்த்தனர். ஒருவர் தவறினாலும் பலரின் தீர்ப்பு பெரும்பாலும் தவறுவதில்லை. இரண்டாவது விடை இன்னும் சுவையானது. சுருள் வடிவத் திரள்கள் வலமாகச் சுழல்கின்றனவா, இடமாகச் சுழல்கின்றனவா என்று தன்னார்வலர்களிடம் கேட்கப்பட்டது. இடஞ்சுழிகளே மிகுதி என்று விடை வந்தது. அது உண்மையெனில், பேரண்டம் பற்றிய அடிப்படைக் கருத்துகளே ஆட்டம் காணும். எனவே, அதே படங்களில் சிலவற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் காட்டினர். அப்போதும் இடஞ்சுழிகளே மிகுதி என்றனர்! ஆக, சாய்வு வானத்தில் இல்லை. மனிதக் கண்ணில் இருந்தது. தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் முறை கைவசம் இருந்ததால், அந்தப் பிழையும் ஓர் அறிவாயிற்று.

நெதர்லாந்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கெல், 2007 ஆகஸ்டில் ஐசி 2497 என்ற திரளின் அருகே விளங்காத நீலத் திட்டு ஒன்றைக் கண்டார். ‘இது என்ன?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த வானியலாளரிடமும் உடனடி விடை இல்லை. பின்னர்ப் பல தொலைநோக்கிகள் அதனை நோக்கித் திரும்பின. திரளின் மையத்திலுள்ள கருந்துளை முன்பு வீசிய கடும் ஒளியால் ஒளிரும் வாயு முகில் அது என்று விளங்கிற்று. கருந்துளையின் சீற்றம் தணிந்த பின்னும் முகில் அதன் சான்றாக நிற்கிறது. ஆய்வுக் கட்டுரையில் அந்த ஆசிரியையின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றது.

பணி ஓய்வுக்குப் பின் நானும் மாலை வேளைகளில் இப்படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். முதல் வாரத்திலேயே சிலுவை வடிவில் ஒளிக்கீற்றுகள் வீசும் ஒரு பொருளைக் கண்டு, அரியதொரு திரள் என்று அகமகிழ்ந்தேன். அது நம் பால்வெளியிலுள்ள சாதாரண விண்மீன். தொலைநோக்கியின் உள்ளே கண்ணாடியைத் தாங்கும் கம்பிகள் உண்டாக்கிய கீற்றுகளே அந்தச் சிலுவை. பொருளாதாரம் படித்தவனுக்கு இது புதிய பாடமல்ல. ஒரே ஒரு புள்ளிவிவரத்தைப் பார்த்து முடிவு கூறாதீர்கள் என்று வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் சொன்னவன், வானத்தின் முன் அதை மறந்துவிட்டேன்.

இங்கேதான் சரிபார்த்தல் என்ற வேலையின் இன்றியமையாமை புலப்படுகிறது. நிலம் வாங்குவோர் பட்டாவை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. வில்லங்கச் சான்று, அடங்கல், புலப்படம் ஆகியவற்றை ஒப்பிட்டு, நேரில் சென்று எல்லைக் கல்லையும் பார்த்த பின்னரே கையொப்பமிடுகிறார்கள். வானத்துக்கும் இத்தகைய பல பதிவேடுகள் உள்ளன. ஒரே திரளைக் கண்ணுறு ஒளியில் ஒரு கணக்கெடுப்பும், அகச்சிவப்பில் மற்றொன்றும், புறஊதாவில் வேறொன்றும், ரேடியோ அலையில் இன்னொன்றும் பதிவு செய்திருக்கும். பூமியில் ஓரிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையால் குறிப்பதுபோல வானில் ஓரிடத்தைக் குறிக்க இரு எண்கள் போதும். அவ்விரு எண்களையும் நாசாவின் ‘ஸ்கைவியூ’, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் மையத்தின் ‘அலாதீன்’ போன்ற இலவசச் சேவைகளில் இட்டால், அதே இடம் வெவ்வேறு அலைநீளங்களில் எப்படித் தெரிகிறது என்பது திரையில் விரியும்.

ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. ஒரு படத்தில் தெரியும் வளையம் வேறொரு தொலைநோக்கி எடுத்த படத்திலும் தெரிகிறதா? தெரியாவிடில் அது கருவியின் குறையாக இருக்கலாம், அல்லது அந்த அலைநீளத்தில் மட்டும் ஒளிர்வதாக இருக்கலாம். எது என்று ஆராய வேண்டும். ரேடியோ படங்களில் பிரகாசமான பொருளைச் சுற்றிப் பொய் வளையங்கள் தோன்றுவது வழக்கம். அருகருகே தெரியும் இரு திரள்கள் உண்மையிலேயே அண்டை வீட்டாரா, அல்லது ஒன்றன் பின்னே மற்றொன்று வெகு தொலைவில் உள்ளதா? இதற்கு அவற்றின் செம்பெயர்ச்சி, அதாவது தொலைவைக் காட்டும் ஒளியின் மாற்றம், விடை தரும். கடைசியாக, இதனை முன்பே எவரேனும் கண்டிருக்கிறார்களா என்று தரவகத்தில் தேட வேண்டும். இவ்வளவும் கடந்து நிற்பதே கண்டுபிடிப்பு.

ரேடியோ அலைகளைப் பொறுத்தவரை நம் நாட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உதகமண்டலத்தின் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970-இல் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதையே வசதியாக்கிக்கொண்டு, அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஒப்பான சரிவுள்ள குன்றைத் தேடி அதனை நிறுவினர். அதே ஸ்வரூபின் தலைமையில் புணே அருகே நாராயண்காவ் பகுதியில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண ஆன்டெனாக்கள் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. உருவாயிற்று.

அந்த ஜி.எம்.ஆர்.டி. 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எடுத்த கணக்கெடுப்பு 36,900 சதுர பாகைகளை, அதாவது முழு வானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை, உள்ளடக்கியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்கள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. இந்திய மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் தொலைநோக்கி தந்த இந்தப் படங்கள் இன்று உலகில் எவருக்கும் கிடைக்கின்றன.

இதனை அடித்தளமாகக் கொண்டதே ‘ராட் அட் ஹோம்’ என்ற குடிமக்கள் அறிவியல் திட்டம். மும்பையிலுள்ள அடிப்படை அறிவியல் உயர் மையத்தைச் சேர்ந்த வானியலாளர் ஆனந்த ஹோதா 2013-இல் இதைத் தொடங்கினார். கேலக்ஸி ஸூவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வருவோர் போவோர் எல்லாம் படத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தலாம். இங்கே அறிவியல், பொறியியல் பயின்றோருக்கு முதலில் பயிற்சி தரப்படுகிறது. ரேடியோ, அகச்சிவப்பு, கண்ணுறு ஒளி, புறஊதா ஆகிய படங்களை வெவ்வேறு வண்ணங்களாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அவற்றின் பொருளைப் படிக்கக் கற்றுத்தருகிறார்கள்.

இதில் மனிதக் கண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஒரு திரளின் மையத்திலுள்ள பெருங்கருந்துளை தன்னை நோக்கி விழும் பொருளின் ஒரு பகுதியை இரு எதிர்த் திசைகளிலும் தாரைகளாக வீசுகிறது. அத்தாரைகள் திரளையும் கடந்து சென்று, ரேடியோ அலையில் மட்டும் தெரியும் இரு பெரும் மடல்களாக விரிகின்றன. கணினிப் பட்டியலோ இம்மடல்களைத் தொடர்பற்ற இரு பொருள்களாகப் பதிந்துவிடக்கூடும். அவற்றுக்கு நடுவே, கண்ணுறு ஒளிப் படத்தில் சிறு புள்ளியாகத் தெரியும் திரளே இரண்டுக்கும் தாய் என்று இணைத்துப் பார்ப்பது பழகிய கண்.

இந்த வழியில் கிடைத்ததுதான் ‘ராட்12’. ஏறத்தாழ 100 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒன்றோடொன்று இணைந்துகொண்டிருக்கும் இரு திரள்களில் ஒன்று, தன் துணையின்மீது ஒரு பக்கமாக மட்டும் ரேடியோ குமிழை உமிழ்கிறது. காளான் வடிவிலான அதன் நீளம் சுமார் 4.4 லட்சம் ஒளியாண்டு. ஜி.எம்.ஆர்.டி. கொண்டும் தென்னாப்பிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கி கொண்டும் இது உறுதி செய்யப்பட்டு, 2022-இல் பிரிட்டனின் அரச வானியல் கழக இதழில் வெளியானது. குடிமக்கள் ஆய்வாளர்களின் பெயர்களும் கட்டுரை ஆசிரியர்களாக அச்சேறின. 2025 அக்டோபரில் இதே குழு, ஒன்றையொன்று வெட்டும் இரு ரேடியோ வளையங்களை அறிவித்தது. பேரண்டத்தின் வயது இன்றைய வயதில் ஏறத்தாழ பாதியாக இருந்தபோது புறப்பட்ட அலைகள் அவை. ‘விசித்திர ரேடியோ வட்டம்’ எனப்படும் அரிய வகையில், அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகத் தொலைவானது அது.

இனி, பொருளாதார மாணவன் என்ற முறையில் சில சொல்ல வேண்டும். கூலியில்லா வேலையை மக்கள் ஏன் விரும்பிச் செய்கிறார்கள்? சந்தையின் தத்துவ ஆசான் எனப் போற்றப்படும் ஆடம் ஸ்மித்தே இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் 1795-இல் வெளியான வானியல் வரலாறு பற்றிய கட்டுரையில், மனிதனை ஆராயத் தூண்டுவது ஆதாயமன்று, வியப்பே என்று வாதிடுகிறார். கேலக்ஸி ஸூ தன்னார்வலர்களில் ஏறத்தாழ 11,000 பேரிடம் நடத்திய ஆய்வில், அறிவியலுக்குத் தம்மால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்பதே முதன்மைக் காரணம் என்று சுமார் 40 விழுக்காட்டினர் கூறினர். ரத்த தானத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் டிட்மஸ், 1970-இல் வெளியான தம் நூலில், காசு கொடுத்தால் கொடையின் தரமும் மனமும் குறையலாம் என்று எச்சரித்ததும் நினைவுக்கு வருகிறது.

ஆனால், வியப்பின் பெயரால் உழைப்பைச் சுரண்டக் கூடாது. தரம் பிரிக்கும் பெண்ணுக்கு எண்ணிக்கைக்கேற்ற கூலியாவது உண்டு. தன்னார்வலருக்குக் கூலி இல்லையெனில், பெயரும் கல்வியும் கட்டாயம் கிடைக்க வேண்டும். கண்டவரின் பெயர் கட்டுரையில் இடம்பெற வேண்டும். கண்டது என்ன என்பது அவருக்கு விளக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத திட்டம் இலவச ஆள்பிடிப்பே. இலவசமாகக் கிடைக்கும் படங்களைக் காட்டி, சான்றிதழ் தருவதாகக் கட்டணம் வசூலிப்போரிடமும் மாணவர்கள் விழிப்பாக இருத்தல் நன்று. அதுபோல, தன்னார்வலர் இருக்கிறார்கள் என்பதைக் காட்டி ஆய்வுப் பணியிடங்களைக் குறைப்பதும் முறையன்று.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி மனிதக் கண் எதற்கு என்று கேட்கலாம். சிலி நாட்டில் அமைந்த ரூபின் தொலைநோக்கி தன் முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. பத்தாண்டுக் கணக்கெடுப்பில் அது ஓர் இரவில் திரட்டும் தரவு ஏறத்தாழ 20 டெராபைட். இதனை மனிதர் மட்டும் பார்த்து முடிக்க இயலாது, இயந்திரம் தேவை. ஆயினும், திரள்களை வகைப்படுத்தும் ‘ஸூபாட்’ போன்ற மென்பொருள்கள் பாடம் கற்றது கேலக்ஸி ஸூ தன்னார்வலர்கள் அளித்த விடைகளிலிருந்தே. கற்றதைத் திரும்பக் காண்பதில் இயந்திரம் வல்லது. முன்னெப்போதும் கண்டிராததைக் கண்டு ‘இது என்ன?’ என்று கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை.

இனி நம் ஊருக்கு வருவோம். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும், கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் இங்கு உள்ளன. இயற்பியலும் கணிதமும் பயின்று, போட்டித் தேர்வுக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. கைப்பேசியும் இணையமும் அவர்களிடம் இருக்கின்றன. இல்லாதவை இரண்டு: வழிகாட்டும் ஆசிரியரின் ஒரு மணி நேரம், தமிழில் எழுதப்பட்ட கையேடு. தரவு இலவசமாக இருப்பதால் மட்டும் அது எல்லார்க்கும் பொதுவாகிவிடாது. ஆங்கிலத் தயக்கமும் ‘இது நமக்கானதன்று’ என்ற எண்ணமும் விதிக்கும் நுழைவுக் கட்டணம் சிற்றூர் மாணவருக்கு மிகப் பெரியது.

அந்தக் கட்டணத்தைக் குறைப்பது கடினமன்று. கலைக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒரே வான்பகுதியை மூன்று கணக்கெடுப்புகளில் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதுவதைச் செய்முறைப் பயிற்சியாக்கலாம். படங்களில் தோன்றும் பொய் வடிவங்கள், அலைநீளங்கள், தொலைவு கணிக்கும் முறை ஆகியவை குறித்த எளிய தமிழ்க் கையேட்டைப் பல்கலைக்கழகங்கள் வெளியிடலாம். பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

இதனால் எல்லோரும் புதிய திரளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் கூறவில்லை. பெரும்பாலோர் எதையும் கண்டுபிடிக்காமலே போகலாம். ஆனால், கண்டதைக் கண்டபடியே நம்பாமல், வேறொரு சான்றைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் படியும். பொய்ப் படங்களும் திரிக்கப்பட்ட காணொலிகளும் நொடிக்கு நொடி கைப்பேசியில் வந்து விழும் காலத்தில், அப்பழக்கத்தைவிடப் பயனுள்ள கல்வி வேறென்ன இருக்க முடியும்?

சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். அவர் காலத்தில் தொலைநோக்கியின் அருகில் செல்வதற்கே ஒருவர் வானாய்வகத்தில் பணிபுரிய வேண்டியிருந்தது. இன்று அந்தத் தடை இல்லை. மணிமுத்தாற்றங்கரையில் ஒரு வீட்டு மாடியில் அமர்ந்திருக்கும் மாணவிக்கும், கேம்பிரிட்ஜில் அமர்ந்திருக்கும் பேராசிரியருக்கும் திரையில் விரிவது அதே வானம், அதே படம். தட்டிப் பார்த்துத் தரம் அறியும் ஊர் இது. வானத்தையும் தட்டிப் பார்க்க நம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கொடுப்போம்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), விருத்தாசலம்)